கருவாட்டுக் கிட்டங்கியில் ஒரு ஸ்பிரிங் கதவு

1

என் தம்பி மகன் வைத்தியலிங்கம் மோட்டார் வாங்கிவிட்டானாம். வாங்கட்டும். எங்கள் பிறந்த வீட்டார் ஒரு புதுக் குடை வாங்கினாலே, வெயிலும் மழையும் இல்லாத நாளில் அதை விரித்துக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றி வருகிறவர்கள். மோட்டார் வாங்கினால் சும்மா இருப்பார்களா. அதை நிறுத்தக் கடலைப் பார்த்தபடி ஒரு கொட்டகை கட்டுகிறானாம். அந்தக் கொட்டகைக்கு, பதுளையில் அத்தை வீட்டில் இருப்பது போலவே ஸ்பிரிங் வைத்து மேலே தூக்கும் கதவு போடப்போகிறானாம். கதவின் நீளம் அகலம் எல்லாம் கேட்டு எழுதிவிட்டுக் கடைசியில் ‘அத்தை சௌக்கியந்தானே’ என்று ஒரு வரி. கதவுக்கு அப்புறந்தான் அத்தை.

அந்தக் கதவு எங்கள் வீட்டை என்ன பாடு படுத்தியது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. என் மகன் நடேசன் போன வருஷம் ஊருக்கு வந்தபோது, கதவு இருக்கிறது என்பதை மட்டும் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். மீதியை நான் சொல்கிறேன். நம் ஊரில் இன்னும் மூன்று நான்கு பேர் மோட்டார் வாங்கத் துடிப்பதாகவும் கேள்வி. அவரவருக்குத் தனித்தனியாக எழுத என்னால் ஆகாது. அதனால் நம் ஊர்ப் பத்திரிகைக்கே எழுதுகிறேன்.

எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகும். அவசரம் உள்ளவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அங்கே யாராவது ஒரு பிரசங்கியார், பெண்கள் எப்படி அடக்கமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்.

2

பண்டாரவளைக்குக்கூட ரயில் வராத காலத்தில் நான் இந்த மலைக்கு வந்தேன். நானுஓயாவில் இறங்கி மாட்டுவண்டி பிடித்தோம். வழியெல்லாம் என் வீட்டுக்காரர், ‘இதோ, அடுத்த வளைவில் பதுளை’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். மலைப்பாதையில் வளைவுக்கு என்ன பஞ்சம்.

வந்து இறங்கிய கொஞ்ச நாளில் நான் கவனித்தது என் இடுப்புச் சாவிக்கொத்தை. ஊரில் அதை வாரத்துக்கு ஒரு தரம் சாம்பல் போட்டுத் தேய்க்காவிட்டால் இடுப்புச் சேலை சிவந்துபோகும். உப்புக்காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சன்னல் கம்பியைத் தட்டினால் பழைய முறுக்கு மாதிரி உதிர்வதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இங்கே சாவிக்கொத்து மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. கடல் இல்லாத ஊர் இரும்புக்கு நல்ல ஊர் என்று நான் நினைத்தேன். கடல் இல்லாத ஊர் கருவாடு விற்க அதைவிட நல்ல ஊர் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். அவர் நினைத்ததுதான் சோறு போட்டது.

மட்டக்களப்பிலிருந்து பிபிலை வழியாகக் கருவாட்டு வண்டி வரும். அம்பாந்தோட்டையிலிருந்து உப்பு மூட்டை வரும். சம்பளம் போட்ட மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சுற்று வட்டாரத் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் எல்லாம் மலை இறங்கி வருவார்கள். நாள் முழுக்க மழையில் நின்று கொழுந்து எடுத்துவிட்டு, வரிசை வீடான லயத்துக்கு வந்து ஈர விறகை ஊதிச் சோறு வடித்தவளுக்கு, சுட்ட கருவாட்டுத் துண்டு ஒன்று இருந்தால்தான் அந்தச் சோறு இறங்கும். அவள் கடைக்கு வந்தால் முதலில் கருவாட்டைப் பார்ப்பாள். அது நன்றாயிருந்தால் அங்கேயே அரிசி, மிளகாய், மண்ணெண்ணெய், பிள்ளைக்குச் சட்டைத் துணி எல்லாம் வாங்குவாள். கருவாட்டில் ஏமாற்றுகிறவன் அரிசியில் ஏமாற்றமாட்டான் என்று அவள் நம்புவதில்லை. எங்கள் வியாபாரத்தின் ரகசியம் இவ்வளவுதான். கடைத்தெரு முழுக்கத் தெரிந்த ரகசியம்.

என் வீட்டுக்காரர் காலமான பிறகும் கடையை ஒட்டிய சரக்குக் கிட்டங்கி வாசலில் முக்காலி போட்டுக் கருவாடு பிரிப்பது நான்தான். காலையில் குளித்து, திருநீறு பூசி, ஒரு செம்பு காப்பித் தண்ணீரோடு வந்து உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பேன். கட்டா மீன் கருவாட்டைத் தட்டிப் பார்த்தே, அது வெயிலில் காய்ந்ததா, மழைக்குப் பயந்து அடுப்புச் சூட்டில் காய்ந்ததா என்று சொல்லிவிடுவேன். பதுளையில் இதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நடேசனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டோம். அவனுக்கு இங்கிலீஷ் வந்தது, கூடவே மூக்கும் வந்தது. அதற்கு முன்னால் அவனுக்கு மூக்கே கிடையாது. நெத்தலி மூட்டைமேல் குப்புறப் படுத்துத் தூங்குகிற பிள்ளை. பள்ளிக்கூடம் போய்வந்த கொஞ்ச நாளில், வாசலில் நின்றபடியே ‘அம்மா, கிட்டங்கிக் கதவைச் சாத்துங்க’ என்றான். இப்போது அவன் மகள் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் படிக்கிறாள். நான் தமிழில் கூப்பிட்டால் அவள் இங்கிலீஷில் ‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வராமல் இருக்கிறாள். பிள்ளைகள் முன்னுக்கு வருவது என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

3

அப்புத்தளைப் பக்கத்தில் ஒரு துரை சீமைக்குத் திரும்பிப் போகும்போது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார். நடேசன் அவருடைய மோட்டாரை எடுத்தான். அது நின்ற கொட்டகையின் கதவையும் எடுத்தான். ஏலத்தில் கதவு வாங்கி வந்த மனிதனைப் பதுளை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தது.

கதவைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். அது ஒரே பலகை. மேலே தகரம் அடித்திருந்தார்கள். இரண்டாகத் திறக்காது. பக்கத்துக்கு ஒன்றாக, என் கைத்தண்டிக் கனத்தில் இரண்டு ஸ்பிரிங். கீழே கைப்பிடியில் இரண்டு விரல் கொடுத்தால் போதும், அவ்வளவு பெரிய கதவு எழும்பித் தலைக்குமேல் போய்ப் படுத்துக்கொள்ளும். பாரம் முழுவதையும் ஸ்பிரிங்தான் சுமக்கிறது. கையில் பிடித்தவனுக்குத் தான் தூக்குவதாக ஒரு நினைப்பு. வீட்டுக்கு வீடு ஆண்பிள்ளைகளுக்கு இருக்கும் நினைப்புத்தான்.

கொட்டகைக்கு இடம் எது என்றால், கிட்டங்கியில் தெருவைப் பார்த்த பாதி. அதாவது என் முக்காலி இருந்த வாசல். கருவாடும் நானும் பின்பாதிக்குப் போனோம். எங்களுக்கு இடது பக்கத்துச் சந்து வழியாக ஒரு சின்னக் கதவு.

பெட்ரோல் தகரங்கள் வைக்கச் சர்க்கார் கச்சேரியில் உத்தரவு வாங்க வேண்டும் என்றார்கள். கச்சேரியிலிருந்து யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் ஒரு கடுதாசியோடு வந்தார்.

“உள்ளுக்கு என்ன வைக்கப்போறியள்?” என்று கேட்டார்.

“மோட்டாருங்க” என்றான் நடேசன்.

“அதுக்குப் பக்கத்திலை?”

“கருவாடு” என்றேன் நான். நடேசன் அதை மெதுவாகச் சொல்லலாம் என்று இருந்தான்.

“மனுசர் ஆராவது புழங்குவினமோ?”

“நான் இருக்கேன்.”

அவர் கடுதாசியை மேலும் கீழும் பார்த்தார். மோட்டாருக்கு ஒரு கட்டம் இருந்தது, கருவாட்டுக்கும் ஒரு கட்டம் இருந்தது. என்னை எழுதத்தான் கட்டம் இல்லை. கடைசியில் ஓரத்தில் எழுதிக்கொண்டார். போகும்போது, “நடுவிலை கூரை மட்டும் சுவர் எழுப்புங்கோ தம்பி. உப்புக்குப் பக்கத்திலை இரும்பு நிண்டால் கறள் பிடிக்கும்” என்றார். நடேசன் எல்லாம் விளங்கிய மாதிரி தலையை ஆட்டினான். கறள் என்றால் துரு என்று யாரோ சொன்ன பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. சுவரை மட்டும் அவர் சொன்னபடி கூரை வரைக்கும் எழுப்பினோம்.

மருமகள் விசாலாட்சி கண்டியில் பெரிய கடைக்காரர் மகள். தங்கமான பெண். கண்ணேறு என்றால் மட்டும் அவளுக்கு உடம்பு நடுங்கும். மோட்டார் வந்த அன்றே கல்லுப்பும் மிளகாயும் படிகாரமும் கறுப்புத் துணியில் முடிந்து, கதவுக்கு உள்பக்கம் நிலையின் தலைமாட்டில் கட்டினாள். அமாவாசைக்கு அமாவாசை புதிது கட்டினாள். பழையதை அவிழ்க்கமாட்டாள். அவிழ்த்தால் உள்ளே அடைபட்ட கண் வெளியே வந்துவிடுமாம். கண்டியிலிருந்து வந்த அவள் அம்மா தன் பங்குக்கு ஒன்று கட்டினாள். அவள் சித்தி ஒன்று. எல்லாம் வலது கைப்பக்கத்து மூலையில். இடது பக்கம் கருவாட்டுச் சந்து, அங்கே நின்று கட்ட மூச்சு முட்டுகிறதாம். கொஞ்ச காலத்தில் அந்த மூலை வௌவால் அடைந்த மரம் போல ஆகிவிட்டது.

4

கச்சேரிக்குப் புதிய துரை வந்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் அவருக்கு ஒரு வரவேற்பு வைத்தார்கள். நடேசனையும் கூப்பிட்டிருந்தார்கள். அவன் வெள்ளைக் கோட்டு தைத்தான். இங்கிலீஷில் நாலு வாக்கியம் மனப்பாடம் பண்ணினான். சாப்பிடும்போதுகூட அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து கைப்பிடியில் விரல் கொடுத்தான். கதவு கொஞ்சம் எழும்பியதும் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். வலது பக்கத்து ஸ்பிரிங் அறுந்து, அதில் ஒரு துண்டு பறந்து போய் மோட்டாரின் முன்விளக்கை உடைத்தது. அவன் நின்ற இடம் ஒரு முழம் தள்ளியிருந்தால் நான் இதை இப்படிச் சிரித்துக்கொண்டு எழுதமாட்டேன். கதவு ஒரு பக்கம் சாய்ந்து இறுகிக்கொண்டது. நாலு ஆள் சேர்ந்து முக்கியும் அசையவில்லை. மோட்டார் உள்ளே, முதலாளி வெளியே.

நடந்து போனால் சேற்றில் கோட்டு போய்விடும். அந்த நேரத்தில் வாசலில் கூண்டோடு நின்ற வண்டி ஒன்றே ஒன்று. மட்டக்களப்பிலிருந்து விடிகாலையில் வந்த எங்கள் கருவாட்டு வண்டி. சுறாவும் கட்டாவும் இறக்கி முடித்து மாட்டுக்கு வைக்கோல் போட்டிருந்தார்கள். நடேசன் அந்த வண்டியைப் பார்த்தான். மழையைப் பார்த்தான். ஏறிவிட்டான்.

சாயங்காலம் திரும்பி வந்தான். விசாலாட்சி ஓடிப்போய்க் கேட்டாள்.

“தொரை என்னங்க சொன்னாரு?”

“கை குடுத்தாரு.”

“அப்புறம்?”

“கைக்குட்டை எடுத்துத் துடைச்சுக்கிட்டாரு.”

அவன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே பின்பாதிக்கு வந்தான். நான் நெத்தலியில் பொடி சலித்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, இந்த மாசத்தோட கருவாடு நிப்பாட்டியாச்சு. உப்பும் வேணாம். இருக்கிற சரக்கை எதிர்க்கடைக் காசிம் முதலாளி எடுத்துக்குறாராம்.”

“என்னடா குத்தம் பண்ணுச்சு?”

“ஸ்பிரிங்கைத் தின்னுருச்சு. கிளாக்கர் அன்னிக்கே சொன்னாரு, உப்புக்குப் பக்கத்துல இரும்பு நிக்காதுன்னு. இன்னிக்கு என் தலை போயிருக்கும்.”

“அப்ப நான் என்ன பண்றது?”

“வீட்டுல உக்காருங்க. சாமிக்குப் பூக் கட்டுங்க. உங்க வயசுக்கு இது என்ன வேலை.”

இந்த ஊரில் என்னை யார் என்று கேட்டால் கருவாட்டு ஆச்சி என்பார்கள். அப்புத்தளையிலிருந்து பசறை வரைக்கும் அப்படித்தான் தெரியும். அதை எடுத்துவிட்டால் நான் நடேசன் முதலாளியின் தாயார். அதுவும் ஒரு பெயர்தான், சுவரில் மாட்டுகிற படத்துக்கு அடியில் எழுதுகிற பெயர். உயிரோடு இருக்கும்போதே அதற்குள் போய் உட்கார எனக்கு மனம் இல்லை.

5

மறுநாள் நான் கதவைப் போய்ப் பார்த்தேன். பார்க்க அதிகம் இல்லை. இடது பக்கத்து ஸ்பிரிங், அதாவது கருவாட்டுச் சந்தை ஒட்டியது, துரை வீட்டில் தடவிய எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக, கொழுகொழு என்று இருந்தது. வலது பக்கத்தில் அறுந்து தொங்கியது செங்கல் நிறத்தில் இருந்தது. நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. நம் ஊர்ச் சன்னல் கம்பியை அங்கே பார்த்தேன். நாற்பது வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறேன், எனக்கு அடையாளம் தெரியாதா.

அண்ணாந்து பார்த்தால் விசாலாட்சியின் முடிப்புகள். மலையில் கடல் இல்லையே தவிர மூடுபனி இருக்கிறது. கதவு இடுக்கில் நுழைந்து கல்லுப்பைக் கரைத்து, துணி நனைந்து, சொட்டுச் சொட்டாக நேரே ஸ்பிரிங்கின்மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு விழுந்தது. அதை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தேன். நம் வேதாரணியத்துக் கடல்தான்.

மகனையும் மருமகளையும் கூப்பிட்டேன்.

“இந்தப் பக்கம் கருவாடு. இந்த ஸ்பிரிங் நல்லா இருக்கு. அந்தப் பக்கம் கருவாடே இல்ல. அது அறுந்துபோச்சு. உன் கிளாக்கரு இதுக்கு என்ன சொல்றாரு?”

நடேசன் மேலே பார்த்தான். விசாலாட்சியைப் பார்த்தான்.

அவள் அசையவில்லை. “அத்தை, அந்த முடிப்பு மட்டும் இல்லாட்டி ரெண்டு ஸ்பிரிங்கும் போயிருக்கும். கண்ணு ஒண்ணோட நின்னுச்சேன்னு சந்தோஷப்படுங்க” என்றாள்.

அவளை விட்டுவிட்டேன். மகனிடம் கேட்டேன்.

“கருவாடு தின்னுச்சுன்னியே. இப்ப என்ன சொல்றே?”

“சரிம்மா. முடிப்புத்தான். இருந்தாலும் கருவாடு வேணாம்.”

“அதான் ஏன்னு கேக்குறேன்.”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “தொரை கையைத் துடைச்சாரும்மா. எல்லாரும் பாத்தாங்க.”

அவன் அதை இங்கிலீஷில் சொல்லியிருந்தால், விளங்காத தைரியத்தில் நான் சண்டை போட்டிருப்பேன். தமிழில் சொன்னான். நான் பின்பாதிக்குப் போய்விட்டேன். ஸ்பிரிங் துருவுக்கு மருந்து எனக்குத் தெரியும், இதற்குத் தெரியாது.

6

கொழும்பிலிருந்து புது ஸ்பிரிங் ரயிலில் வந்தது. மாட்ட வந்தவனோடு இரண்டு நாள் கூடவே நின்று எல்லாம் பார்த்தேன். புதுச் சரக்கு வருவது நின்றுவிட்டது, வேறு வேலைதான் இல்லையே. நம் ஊரில் கொட்டகை கட்டுகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஒன்று அறுந்தால் இரண்டையும் மாற்றிவிடுங்கள். கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டினால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியும். மாட்டும்போது ஸ்பிரிங்கின் நடுக்கூடு வழியாக ஒரு கம்பிக் கயிறு ஓட்டி இரண்டு முனையிலும் கட்டிவிடச் சொல்லுங்கள். பிறகு அறுந்தாலும் அது பறக்காது, கயிற்றிலேயே தொங்கும். கதவு கீழே இருக்கும்போது ஸ்பிரிங் முழுசாக இழுபட்டு நிற்கிறது. அப்போது அதன் கொக்கியில் கை வைக்கிறவன், கையை வைத்துவிட்டுத்தான் போவான். கதவைத் தூக்கி, கீழே கட்டை முட்டுக்கொடுத்த பிறகே தொட வேண்டும்.

உப்புக்காற்று ஊரில் நல்ல தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, சுருள் சுருளாகத் துடையுங்கள். உடனே காய்ந்த துணியால் இன்னொரு தரம். இந்த வேலையைப் பாத்திரம் துலக்குகிறவளிடம் விடாதீர்கள். அவள் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பளபள என்று ஆக்கிவிடுவாள், அடுத்த மாதம் அது பொடியாகிவிடும். துடைத்த பிறகு எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், எலி வரும். நல்லெண்ணெய் பிசினாகி மணலைப் பிடித்துக்கொள்ளும். மோட்டாருக்கு ஊற்றுகிற எண்ணெயையே ஒரு கந்தலில் தொட்டு, மினுங்கினால் போதும் என்கிற அளவுக்குப் பூசுங்கள். தாராளம் காட்டுகிற இடம் இதல்ல. பழைய எண்ணெய் கறுத்துத் தடித்தால் மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். வாடைக்காற்று நாளில் வாரம் ஒரு தரம், மற்ற நாளில் மாதம் ஒரு தரம்.

ஸ்பிரிங் களைத்துவிட்டதா என்று பார்க்க, கதவைப் பாதி தூக்கிக் கையை விடுங்கள். அங்கேயே நின்றால் நல்லது. கீழே வந்தால் அதற்கு வயதாகிவிட்டது, மாற்றுங்கள். மனிதர்களைச் சோதிக்கவும் இப்படி ஒரு வழி இருந்தால் சௌகரியம்.

வைத்தி, நீ ஒன்று செய். கொட்டகையின் கதவைக் கடலுக்கு முதுகு காட்டி வை. உன் மோட்டாரைப் பார்க்கக் கடலுக்கு ஆசை இல்லை. ஊர்க்காரர்களுக்குத்தான் காட்ட வேண்டும், அவர்கள் மறுபக்கத்தில்தான் இருக்கிறார்கள். கண்ணேறுக்குக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தெருவாசலில் கட்டச் சொல்.

7

மாதம் முடிந்தது. கருவாடு எதிர்க்கடைக்குப் போனது. பின்பாதியைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். என் முக்காலியை மட்டும் எங்கே போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. நானே தூக்கிக்கொண்டு போய், மூடிக்கிடந்த ஸ்பிரிங் கதவுக்கு முன்னால், தெருவைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலாளியின் தாயாரை எழுந்திரு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்.

சம்பளத்து மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பாக்கியம் தன் லயத்துப் பெண்களோடு வந்தாள். கலியாணமாகி வந்த வருஷத்திலிருந்து எங்களிடம் வாங்குகிறவள். கங்காணியே அவள் வாய்க்குப் பயந்து, காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் அவள் பெயரை மரியாதையாகக் கூப்பிடுவானாம்.

“என்னாங்க ஆச்சி, மூடிக் கெடக்கு?”

“கருவாடு இல்ல தாயி. இப்ப இங்க மோட்டாருதான்.”

அவள் கதவு இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். “நல்லாக் கொழுத்ததாத்தான் இருக்கு. அரை றாத்தல் வெட்டிக் குடுங்க, சுட்டுப் பாக்குறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

“எதிர்ல காசிம் முதலாளி கடைக்குப் போ. நம்ம கட்டாதான், நான் பிரிச்சு வச்சது. அரிசியும் மிளகாயும் அங்கேயே வாங்கிக்க. தலைச் சுமையோட ரெண்டு கடை ஏறி எறங்காத.”

“சரிங்க ஆச்சி” என்று போனார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் இதையே சொன்னேன். அதற்குப் பின்னால் வந்தவர்களுக்கும். நடேசன் கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்குள் எழுந்து வந்துவிட்டான்.

“அம்மா, என்ன பண்றீங்க?”

“பூக் கட்டச் சொன்னே. இன்னிக்குப் பூ வரல. வழி கேக்குறவங்களுக்கு வழி சொல்லிட்டிருக்கேன்.”

“நம்ம அரிசியை விட்டுட்டு அவரு அரிசியை வாங்கச் சொல்றீங்களே.”

“கருவாடு வாங்குற எடத்துலதான் அரிசி வாங்குவாங்க. இதை நானா கண்டுபிடிச்சேன்? உங்கப்பா சொன்னது. உன் பள்ளிக்கூடத்துல சொல்லலியா?”

அவன் போய்விட்டான். சாயங்காலம் காசிம் முதலாளி தெருவைக் கடந்து வந்தார். மரியாதை தெரிந்த மனிதர். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “ஆச்சி, இன்னைக்கு மூச்சு விட நேரமில்ல. ரெண்டு ஆளு கூட வைக்கணும் போல” என்றார். கடைக்குள் பார்த்து, “தம்பி, உங்க கடைப் பொடியன்மாரு சும்மாதானே இருக்காங்க, ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் அனுப்பி விடுறீங்களா?” என்று கேட்டார். கேலி செய்கிறாரா உண்மையாகவே கேட்கிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த சம்பளத்துக்கும் இதே கதைதான். அதற்கு அடுத்ததற்கு, தோட்டத்துச் சனங்கள் என்னிடம் வழிகூடக் கேட்கவில்லை. தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு நேரே எதிர்க்கடைக்கு ஏறினார்கள். நானும் முக்காலியிலிருந்து எழுந்து, அவர்கள் திரும்பி வருவார்களா என்று எட்டிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் நடேசனும் என் பக்கத்தில் வந்து நின்றான்.

“மோட்டாருக்குக் காத்தோட்டம் வேணுமாம், அம்மா. கச்சேரிக் கந்தோர்ல சொன்னாங்க” என்றான்.

“வேணும்தானே” என்றேன்.

மோட்டார் இப்போது ரொட்டிக்காரர் வீட்டுப் பின்புறத்தில் வாடகைக்கு நிற்கிறது. ரொட்டி வாசனை துரைமாருக்கு ஒத்துவருகிற வாசனை. முடிப்புகளும் கூடவே போய்விட்டன. கதவைத்தான் கொண்டுபோக முடியவில்லை, அந்தக் கொட்டகை குட்டை. காசிம் முதலாளி மிச்சக் கருவாட்டைத் திருப்பிக் கொடுத்தார், லாபம் வைத்துத்தான் கொடுத்தார். எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது. நடேசன் இன்னும் மூக்கைச் சுளிக்கத்தான் செய்கிறான். துரை துடைத்த கையை அவன் மறக்கவில்லை, நானும் மறந்துவிடு என்று சொல்லவில்லை. அது அவன் பாடு.

கருவாடு முன்பாதிக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காசிம் முதலாளி படியில் கால் வைத்திருந்த பாக்கியத்தை நான்தான் கைதட்டிக் கூப்பிட்டேன். வந்தாள். கதவு மூடியிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

“தூக்கு” என்றேன்.

“நானாங்க? இம்மாம் பெரிய கதவையா?”

“ரெண்டு விரலு குடு, போதும்.”

கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த இரண்டு விரலைக் கைப்பிடியில் கொடுத்தாள். கதவு சத்தமில்லாமல் எழும்பி அவள் தலைக்குமேல் போய்ப் படுத்தது. அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

“பங்களாவுக்கு வெறகு கொண்டு போனா எனக்குப் பொறவாசல்தாங்க ஆச்சி” என்றாள். “அதையும் உள்ள இருந்து யாராச்சும் தொறக்கணும்.”

பிறகு கதவைக் கீழே இழுத்து மூடினாள். மறுபடியும் தூக்கினாள். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அவளுக்கு அடுத்து நின்றவள் தலையிலிருந்த கூடையை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.